நேத்து வரைக்கும் ஒய்பி

— நேத்து எத்தன மணி வரைக்கும் நீங்க எங்க சட்டமன்ற ஒய்பி? அத மட்டும் எனக்கு வெளங்கற மாதிரி சொல்லுங்க, நான் போயிடறேன்.

— ஒன் மினிட், சந்திரமதி அக்கா. மொதல்ல ஒக்காருங்க. ஆபீஸ் தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து வாசல்ல நிக்கிறீங்க. இன்னிக்கு கடை போடலையா?

— கடை போடற நெலமையிலயா இருக்கேன். ஆட்டி வச்ச மாவு வீட்டுல பொங்கி வழியுது. ஷிஃப்ட் முடிஞ்சு ஃபேக்டரி பஸ்ல வந்து எறங்குனவனெல்லாம் தோசைக்கார அக்காவ காணோமேன்னு பாத்துட்டுப் போயிருப்பான். நீங்க பேச்ச மாத்தாதீங்க ரோலண்ட். ஐயையோ, பேரச் சொல்லிட்டேன் பாருங்க. இப்ப உங்கள என்னன்னு கூப்புடறதுன்னே தெரியல. ஒய்பியா, தம்பியா?

— எனக்கே தெரியல லா அக்கா. காலையில எங்க குடியிருப்பு தாமான் கேட்டுல காவலுக்கு நிக்கிற ஜாகாக்காரரு "மார்னிங் ஒய்பி"ன்னு சல்யூட் அடிக்கிறாரு. சட்டமன்ற வாட்ஸப் குரூப்புல பாத்தா என்னையக் காணோம், எடுத்துட்டாங்க. என் வீட்டுக்காரி ஐலீன், இனிமே குப்பைய நீங்கதான் கொண்டு போய்ப் போடணும்னு பையக் கையில குடுத்து அனுப்புறா. ஆளுக்கு ஒண்ணு சொன்னா யார நம்பறது?

— என் கதையையும் நல்லா கேளுங்க. நேத்து உங்ககிட்ட லெட்டர வாங்கிட்டு, கிராப் டாக்ஸி புடிச்சு நகராண்மை ஆபீஸுக்கு ஓடுனேன். கவுண்டருக்குப் போகையில நாலே முக்கால். கண்ணாடி போட்ட ஒரு மலாய்க்காரத் தம்பி, நல்ல பையன். புதுக் கடைக்கு எழுதுன ஃபாரத்தப் பாத்தான், ஐசி கார்டப் பாத்தான், டைஃபாய்டு ஊசி போட்ட கார்டப் பாத்தான், எல்லாம் சரின்னு தலைய ஆட்டுனான். கடைசியா உங்க சப்போர்ட் லெட்டர எடுத்தான். தேதியப் பாத்தான். ஃபோன எடுத்துப் பாத்தான். மறுபடி தேதியையும் அதுக்குப் பக்கத்துல நாலு மணின்னு போட்டிருந்ததையும் பாத்தான். "காக், டூன் சுடா புபார்"ங்கறான்.

— சட்டமன்றம் கலைஞ்சு போச்சுன்னு சொல்லியிருக்கான்.

— மலாய் எனக்கு வெளங்கும், விஷயந்தான் வெளங்கல. மூணு மணிக்கு அறிவிச்சிட்டாங்களாம். இந்த லெட்டர்ல கையெழுத்து போட்டவரு இப்ப ஒய்பி இல்லையாம். நான் சொன்னேன், "தம்பி, அவருகிட்டேருந்துதான் நேரா வர்றேன், நல்லாத்தான் இருக்காரு, காப்பி குடிச்சிட்டு இருந்தாரு"ன்னு. எனக்குப் பின்னால நின்ன சீனப் பொம்பள வாயப் பொத்திக்கிட்டு சிரிக்குது. அவமானமா போச்சு எனக்கு.

— நீங்க சொன்னதுல தப்பில்லக்கா. எனக்கே மூணு மணிக்கு ஒண்ணும் ஆன மாதிரி இல்ல. வலியில்ல, சத்தமில்ல. அதே நாக்காலிலதான் ஒக்காந்திருந்தேன்.

— அப்ப எப்படி தம்பி போகும்? நாங்க அஞ்சு வருஷத்துக்குன்னுதான ஓட்டு போட்டோம்? வரிசையில நின்னு, விரல்ல மை வச்சு, அன்னிக்கு மழ வேற. அஞ்சு வருஷம்னு மேடையில நீங்களும் சொன்னீங்க.

— அஞ்சு வருஷம்ங்கறது கடைசி எல்லக்கா. அதுக்குள்ள எப்ப வேணும்னாலும் கலைக்கலாம். எனக்குக் கெடச்சது மூணு வருஷம் எட்டு மாசம்.

— நான் வாங்குன கிரைண்டருக்கு அஞ்சு வருஷம் வாரண்டி குடுத்தான் செனாய் டவுன் கடைக்காரன். மூணாவது வருஷமே மோட்டார் நின்னு போச்சு. தூக்கிட்டுப் போனேன், ஒரு வார்த்த பேசாம மாத்திக் குடுத்துட்டான். உங்களுக்கு அந்த மாதிரி ஒண்ணும் கெடையாதா?

— மாத்திக் குடுப்பாங்க. அறுவது நாளுக்குள்ள எலெக்ஷன் வச்சு.

— அந்த அறுவது நாளு நம்ம தொகுதிக்கு யாரு ஒய்பி?

— யாரும் இல்ல.

— யாருமே இல்லன்னா எப்படி? இத்தன ஃபேக்டரி, இத்தன தாமான், இத்தன ஜனம். எங்க சந்துல விளக்கு எரியலன்னா யாருகிட்டப் போய் நிக்கிறது?

— மாநில முதல்வரு மந்திரி பெசாரும் அவரோட எக்ஸ்கோ மந்திரிங்களும் மட்டும் தற்காலிகமா இருப்பாங்க. நான் எக்ஸ்கோ இல்ல. சாதா உறுப்பினர். சபை கலைஞ்சா நானும் கலைஞ்சேன். லெட்சுமணா, என்னடா அங்க சத்தம்? காது வலிக்குது.

— போர்டுண்ணே. கழட்ட சொன்னீங்கல்ல. முழு போர்டையும் எறக்கணுமா, இல்ல உங்க பேருக்கு முன்னால இருக்கற ஒய்பிய மட்டும் டேப் போட்டு மறைச்சா போதுமா?

— முழுசா எறக்கிரு. இல்ல, இரு. ஆபீஸ் வாடக இந்த மாசம் முடிய இருக்கு. டேப் போடு.

— டேப் கறுப்பா, வெள்ளையா?

— லெட்சுமணா, போடா.

— பாத்தீங்களா, உங்க ஆளுக்கே தெரியல. சரி, என் மேலயும் தப்பு இருக்கு. நான் ஒத்துக்கிறேன். ராத்திரி முழுக்க தூங்கல தம்பி. பாயில பொரண்டு பொரண்டு நான் என்னையே திட்டிக்கிட்டு கெடந்தேன். ஒன்னு நாப்பதுக்கே வந்துட்டேன். உங்க கிராணிப் பொண்ணு டைப் அடிச்ச லெட்டரு மேசையில இருந்துச்சு, முத்திரை குத்தற சாப் இருந்துச்சு, பேனா இருந்துச்சு, நீங்களும் இருந்தீங்க. வியாழக்கெழம ஒன்றரைலேருந்து மூணு வரைக்கும் ராகு காலம், அப்புறம் போடுங்க ஒய்பின்னு சொன்னது யாரு? இந்த வாய்தான்.

— அத விடுங்கக்கா.

— எப்படி விடறது? மூணு மணியோட நிறுத்தியிருந்தாலும் பரவால்ல. அது இந்தியாவுலேருந்து வர்ற காலண்டர். நம்ம கோயில் காலண்டர்ல சூரியன் ஏழு மணிக்கு உதிக்கிற கணக்குக்கு ஒரு மணி நேரம் தள்ளி, ரெண்டரைலேருந்து நாலு. எது சரின்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது. எதுக்கு வம்பு, ரெண்டையும் தாண்டிருவோம்னு ஒக்காந்துட்டேன். இந்த ஃபாரத்துக்கே பாருங்க, திங்க செவ்வா அஷ்டமி நவமின்னு வீட்டுலயே வச்சிருந்தேன். புதன்கெழம ஊசிக் கார்டு வரல. நாள் பாத்து நாள் பாத்து நானே என் தலையில மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டேன்.

— நீங்க மட்டும் என்னத்தக் கண்டீங்க, கலைப்பாங்கன்னு. உங்கள நீங்களே திட்டிக்காதீங்கக்கா. எனக்கே கஷ்டமா இருக்கு.

— உங்க மனசு எனக்குத் தெரியாதா? கெமிக்கல் ஃபேக்டரியில மெக்கானிக்கா இருந்தப்பலேருந்து பாக்கறேன். ரெண்டு தோசை, சாம்பார் தனியா கட்டி தாப்பாவ். நேத்தும் பாருங்க, மூணு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில சிங்கப்பூர்லேருந்து என் மக ஷாமளா கூப்புட்டு, "அம்மா, ஆபீஸ் மூடிருவாங்க, ராகுவும் வேணாம் கேதுவும் வேணாம், கையெழுத்த வாங்கிட்டு ஓடு"ன்னு கத்துறா. நானும் மனச கல்லாக்கிக்கிட்டு, சரி போட்டுருங்க ஒய்பின்னு வந்து நின்னேன். நீங்கதான், "பதினொரு வருஷம் ஒழைச்சிட்டு கடைசி ஒரு மணி நேரத்துல எதுக்குக்கா அவசரம், உங்க நம்பிக்கைய ஏன் விடறீங்க, நாலு மணிக்கே போடுவோம்"னு ஒக்கார வச்சீங்க. வேதக்காரரு நீங்க. உங்களுக்கு ராகுவாவது கேதுவாவது. இருந்தும் எனக்காகப் பாத்தீங்க. அத நான் ஷாமளாகிட்டயும் சொன்னேன். இந்தக் காலத்துல எந்த ஒய்பி அப்படி ஒரு பொம்பளையோட மனசுக்கு மரியாத குடுப்பாருன்னு.

— காப்பி குடிக்கிறீங்களாக்கா?

— வேணாம். நான் எதுக்கு வந்தேன்னு இன்னும் சொல்லவே இல்ல. அந்தக் கண்ணாடித் தம்பி என்னைய ஓரமா கூப்புட்டு ஒரு வழி சொன்னான்.

— என்ன வழி?

— பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால புதுசா கட்டுன பத்து கடையில ஒம்போதுக்கு ஆளு முடிவாயிருச்சாம். பத்தாவதுக்கு நான் ஒருத்தி, இன்னொருத்தரு. அவருக்கும் உங்க லெட்டர்தான், தேதி சரியா இருக்காம். ஆனா அவரு ரோட்டோரத்துல கடை போட்டு ஆறு மாசம்தான் ஆவுதாம். பழைய ஆளுக்குத்தான் மொதல் எடம்னு ரூல் இருக்காம். "அக்கா, உங்க லெட்டர் மட்டும் செல்லும்னா கடை உங்களுக்குத்தான், பேச்சே இல்ல"ன்னான். யாரு தம்பி அந்த ஆறு மாசக்காரரு?

— ஞாபகம் இல்லக்கா. கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன். எத்தனையோ லெட்டர்.

— சரி, யாரா இருந்தா என்ன, அவங்களும் பொழைக்கத்தான வர்றாங்க. ஆனா திங்கக்கெழம நகராண்மை லோரி வருது தம்பி. ரோட்டோரத்துல ஒரு குடை விடாம அள்ளிட்டுப் போயிருவாங்க. புதுக் கடை கெடைச்சவன் உள்ள, கெடைக்காதவன் வீட்டுல. எனக்கு அம்பத்தஞ்சு வயசு. எந்த ஃபேக்டரியில என்னைய எடுப்பான்? மருமகன் வீட்டுல போய் ஒக்காந்து சாப்புட எனக்கு மனசு வரல. எனக்கு பயமா இருக்கு. பயத்த யாருகிட்டயும் சொல்றதில்ல நானு, உங்ககிட்ட சொல்றேன்.

— அந்தத் தம்பி சொன்ன வழி என்னன்னு சொல்லுங்க.

— நீங்க வரணும். இன்னிக்கு வெள்ளிக்கெழம, தொழுகைக்கு பன்னண்டே காலுக்கு கவுண்டர மூடிருவாங்க, அதோட விண்ணப்பமும் முடிஞ்சிரும். அதுக்குள்ள நீங்களே நேர்ல வந்து ஒரு காயிதத்துல எழுதிக் குடுக்கணுமாம். சபை கலையறதுக்கு முன்னாலயே இந்தம்மாவுக்கு ஆதரவு குடுக்கறதா நான் முடிவு பண்ணிட்டேன், லெட்டரும் ரெடியா இருந்துச்சு, கையெழுத்துதான் லேட்டாச்சுன்னு. அத அவனோட பெரியவருகிட்ட காட்டுவானாம். பெரியவரு நல்ல மனுஷராம், உண்மைய எழுதினா ஏத்துக்குவாராம்.

— அது சரியா வருமான்னு தெரியலக்கா. நான் இப்ப ஒய்பி இல்லையே. ஒய்பியா இல்லாதவன் எழுதிக் குடுத்தா அது எப்படி எடுபடும்?

— ஒய்பியா எழுத வேணாம். நேத்து ரெண்டு மணிக்கு ஒய்பியா இருந்தவரு இன்னிக்கு ரோலண்டா எழுதறாரு. இதுல என்ன கொழப்பம்?

— கொழப்பம் இருக்குக்கா. அறிவிப்பு மூணு மணிக்கு. ஆனா கெஸட்டுல வியாழக்கெழமன்னு தேதி மட்டும்தான் போடுவாங்களாம், மணி போட மாட்டாங்களாம். அப்படிப் பாத்தா நேத்து காலையில முழிச்சப்பவே நான் ஒய்பி இல்லையோ என்னவோ. ஒரு வக்கீலு அப்படிங்கறாரு, இன்னொருத்தரு இல்லங்கறாரு. நான் எழுதப் போயி அதுவே பின்னால கேஸ் ஆயிருச்சுன்னா? எலெக்ஷன் நேரம் வேற.

— மணியையே போட வேணாம் தம்பி. நீங்க போடத் தயாரா இருந்தீங்களா இல்லையா, அத மட்டும் எழுதுங்க.

— இன்னிக்கு என்னால முடியுமான்னு தெரியல. கார் ஐலீன்கிட்ட இருக்கு.

— கிராப் நான் புடிக்கிறேன்.

— கட்சி ஆபீஸ்ல பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க.

— இப்ப ஒம்போதரை. நகராண்மை இங்கேருந்து பத்து நிமிஷம். போயிட்டு வந்து நீங்க காப்பி குடிச்சிட்டே போலாம். என்ன தம்பி, நான் என்ன பொய்யா எழுதச் சொல்றேன்? நடந்தத எழுதச் சொல்றேன். என் முன்னாலதான நடந்துச்சு. பேனா மூடியக் கழட்டி வச்சிருந்தீங்க, என் கண்ணால பாத்தேன்.

— அக்கா, ப்ளீஸ். எனக்கு யோசிக்க டைம் குடுங்க.

— யோசிக்க என்ன இருக்கு? ஆமான்னா ஆமா. எனக்குப் புரிய மாட்டேங்குது. நேத்து நாலு மணிக்கு சிரிச்ச மொகத்தோட சாப் குத்தி, ரெண்டு கையாலயும் எடுத்துக் குடுத்த மனுஷன், இன்னிக்கு ஒரு வரி எழுத இப்படி வேர்க்கிறீங்க. ஏசி ஓடுது.

— அண்ணே, பேசிட்டு இருக்கையில குறுக்க வர்றேன், கோச்சுக்காதீங்க. கால்வின் எனக்கு ஃபோன் போட்டாரு. உங்களுக்குப் போட்டுப் போட்டுப் பாத்தாராம், நீங்க எடுக்கலையாம்.

— அப்புறம் பேசறேன்னு சொல்லுடா லெட்சுமணா. போ வெளியே.

— ஒரே வார்த்தைண்ணே, சந்தோஷமான விஷயம். நகராண்மையில விசாரிச்சாராம். பத்தாம் நம்பர் கடைக்குப் போட்டி போட்ட இன்னொரு லெட்டர் செல்லாதுன்னுட்டாங்களாம். பன்னண்டே கால் வரைக்கும் ஒண்ணும் ஆவலன்னா சாவி அவருக்குத்தானாம். மாமாவுக்கு தேங்க்ஸ் சொல்லிருன்னாரு. பர்கரோட சேத்து இனிமே நாசி லெமாக்கும் போடப் போறாராம்.

— போடா வெளியே.

— ஏன்ணே கோவப்படறீங்க? சரி, போறேன்.

— யாரு தம்பி கால்வின்?

— அக்கா.

— யாரு கால்வின்னு கேட்டேன்.

— ஐலீனோட தம்பி.

— பஸ் ஸ்டாப் முக்குல செவப்பு வேன்ல பர்கர் போடறானே, அந்தப் பையனா? என்கிட்ட வெங்காயம் கடன் வாங்கிட்டுப் போவானே, அவனா உங்க மச்சான்?

— அவன்தான். சிங்கப்பூர்ல வேல போயிருச்சு அவனுக்கு. கொழந்த பொறந்திருக்கு. வீட்டுல ஒரே அழுக. ஐலீன் சொல்லி செவ்வாக்கெழம போட்டுக் குடுத்தேன். அப்ப பத்தாவது கடைக்கு வேற யாரும் ஃபாரம் போடல. நீங்க எடுத்துட்டுப் போன ஃபாரத்தக் குடுக்கவே இல்லையேக்கா. வேணாம்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். நேத்து நீங்க வந்து நின்னப்ப எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.

— இருங்க, இருங்க. எனக்கு ஒண்ணொண்ணா வரட்டும். என் லெட்டர் உள்ள போனா உங்க மச்சானுக்குக் கடை இல்ல. பழைய ஆளுக்குத்தான் மொதல் எடம்ங்கற ரூலு உங்களுக்குத் தெரியுமா?

— தெரியும். கூட்டத்துல அந்த ரூலக் கொண்டு வந்ததே நான்தான். உங்கள மாதிரி ஆளுங்களுக்காகத்தான் கொண்டு வந்தேன்.

— அப்ப எனக்கு இல்லன்னு சொல்லியிருக்கலாமே தம்பி. ஒன்னு நாப்பதுக்கே சொல்லியிருக்கலாமே. அழுதிருப்பேன், உங்களத் திட்டியிருப்பேன், நேரா எக்ஸ்கோ யாரு காலுலயாவது போய் விழுந்திருப்பேன். ரெண்டரை மணி நேரம் எதுக்கு ஒக்கார வச்சீங்க?

— உங்க மொகத்தப் பாத்து இல்லன்னு சொல்ல வாய் வரல.

— வாய் வரல, ஆனா கை வந்துச்சு. நாலு மணிக்கு அடிச்சு திருத்தமா கையெழுத்து போட்டீங்களே. மச்சானுக்கு வேட்டு வைக்கிற லெட்டருன்னு தெரிஞ்சும் போட்டீங்களே. அதுதான் எனக்கு வெளங்கல. சபை கலைஞ்சது உங்களுக்கு எப்பத் தெரியும்?

— மத்தியானம் ஒரு மணிக்கே கட்சியிலேருந்து மெசேஜ் வந்திருச்சு. மூணு மணிக்கு அறிவிப்பாங்கன்னு.

— நான் வர்றதுக்கு முன்னாலயேவா?

— ஆமாக்கா.

— அப்ப செல்லாதுன்னு தெரிஞ்சேதான் எனக்குப் போட்டீங்களா?

— தெரிஞ்சதுனாலதான்க்கா போட்டேன். மூணு மணிக்கு முன்னால போட்டிருந்தா, அது செல்லுபடியாயிருக்குமே.